மூன்றாவது டிராக்கில் போரிஸ்

14 மே 2002, செவ்வாய்

மழை. துறைமுகம் மூடி இன்றோடு ஒன்பதாம் நாள். படகு போகாத ஊரில் ஐஸ் ஆலைக்காரனுக்கு என்ன வேலை? மேலாளர் "வந்து தரையையாவது கழுவுங்க" என்றார். நேற்றுக் கழுவிய தரையை இன்றும் கழுவினோம். மதியத்தோடு விட்டுவிட்டார்கள்.

நேராகக் குன்றேறி போரிஸ் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி யஸ்னா பூசணி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் தல்காவானோவில் எல்லா வீட்டிலும் அதே எண்ணெய் வாசனைதான். மேசையில் இருந்த பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, எங்கள் ராப்பைப் பதிய என் நாலு டிராக் கேசட் மெஷினை வைத்தோம். முதல் டிராக்கில் என் பீட். இரண்டாவதில் யஸ்னா. நாலாவதில் மூவரும் சேர்ந்து கத்துவது. மூன்றாவது போரிஸுக்கு.

மூன்று வருடமாக அந்த மூன்றாவதுதான் எங்கள் தலைவலி. மேடையில் எந்தக் கூட்டத்தையும் கட்டிப்போடுகிற வாய், மெஷினின் சிவப்பு விளக்கைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். பழைய கேசட்டுகளில் எல்லாம் அவன் பகுதியை நான்தான் சொல்லி ஒப்பேற்றியிருக்கிறேன். அவன் எதையும் காகிதத்தில் எழுதவும் மாட்டான். குன்றின் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே முணுமுணுப்பான், பத்து நாளில் ஒரு பாட்டு வந்துவிடும்.

இன்று என்ன நினைத்தானோ, "விளக்கு மேல துணியப் போடுடா, சொல்றேன்" என்றான். போட்டேன். நிறுத்தாமல் சொன்னான்:

எங்க குன்றுக்குத் தண்ணி ஏறாது,
கீழ பாரு, கடல் பூரா தண்ணி, வாயில வைக்க ஆகாது,
அம்மா வாளியோட நின்னா, அவ பின்னால தெருவே நின்னுச்சு,
நான் கடைசி ஆளு, என் முறை வந்தப்ப குழாய் இருமிச்சு.

இன்னும் பன்னிரண்டு வரிகள்.  அவர்களுடைய பெண்குழந்தை ராயென்கூட அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தது. அதற்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை, என்ன புரிந்ததோ.

எனக்கு வயிறு எரிந்தது. இந்த நோட்டில்தானே, சொல்லிக்கொள்ளலாம். நான் ராத்தூக்கம் கெட்டு எழுதிய நூறு பாட்டில் அந்தக் குழாய் இருமியது போல ஒரு வரி இல்லை.

15 மே, புதன்

இன்றும் மழை. மூன்றாவது டிராக்கை மட்டும் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

17 மே, வெள்ளி

காலையில் வானம் வெளுத்தது. பத்து மணிக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். ஐஸ் இறக்கும் சரிவுக்குக் கீழே படகுகள் முட்டிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றில், தன் மாமாவின் படகில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போரிஸ்.

நாளை சாந்தியாகோவில் நிகழ்ச்சி. எங்கள் குழு அகுவா கோர்த்தாதாவுக்குத் தலைநகரில் கிடைத்த முதல் மேடை. குன்றில் நாலு நாள் தண்ணீர் வராத ஒரு வாரத்தில் வைத்த பெயர் அது, 'தண்ணீர் நிறுத்தம்'. கேசட் கம்பெனி ஆள் வருகிறார். எட்டு மணி நேரப் பேருந்து, மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று.

"என்னடா இது?" என்றேன்.

"ஐஸ்டா ஓசியேல். நிறையப் போடு."

"நாளைக்கு சாந்தியாகோ."

"தெரியும். பத்து நாளா என் வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னும் தெரியும்."

"ஒரு நாள் பொறுத்தா மீன் ஓடிருமா?"

"ஓடிரும் மாப்ள. உன் கம்பெனிக்காரன் மாதிரி உக்காந்து காத்திருக்காது."

"அந்த ஆளு உன் குரலைக் கேக்கத்தான் வர்றாரு."

"நீயே சொல்லிரு. கேசட்ல என்னை மாதிரி சொல்லிச் சொல்லி நீதான் அசல் போரிஸ் ஆயிட்டியே." படகில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மண்வெட்டியைத் தரையில் எறிந்தேன். "போய்த் தொலைடா" என்றேன்.

பிறகு மண்வெட்டியை எடுத்து அவன் படகுக்கு ஐஸ் போட்டேன். வேலை வேலைதானே.

19 மே, ஞாயிறு

சாந்தியாகோவில் மானம் போயிற்று. போரிஸின் பகுதியை நான் சொன்னேன். முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். கம்பெனி ஆள் இரண்டாவது பாட்டிலேயே சிகரெட் பிடிக்க வெளியே போனவர்தான். திரும்பும்போது பேருந்தில் யஸ்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள். குழந்தையை அவள் அக்காவிடம் விட்டுவிட்டு வந்த கவலை வேறு.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன். பிறகு மெஷினை எடுத்து மூன்றாவது டிராக்கில் என் பாட்டைப் பதிந்தேன். அவன் குரல் இருந்த இடத்தில். ஆத்திரத்தில் கை தவறி நடந்தது என்று பின்னால் ஒருநாள் நானே சொல்லிக்கொள்வேன், அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்: நிதானமாகத்தான் செய்தேன். அவன் திரும்பி வந்து பாட்டைக் கேட்பான், "அழிஞ்சுபோச்சு, இன்னொரு தடவ சொல்லுடா, பெரிய மனுஷா" என்று சொல்லி அவனைக் கெஞ்ச வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

20 மே, திங்கள்

மாமாவின் படகு நேற்றே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மற்ற எல்லாம் வந்துவிட்டன.

21 மே, செவ்வாய்

இன்று கடற்படை தினம். ஊருக்குள் வாத்தியம், அணிவகுப்பு, பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு. இங்கே மீனவர் கரையில் நாங்கள் இருபது முப்பது பேர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். காற்று திரும்பும்போதெல்லாம் மத்தளச் சத்தம் வருகிறது.  யஸ்னா யாரோ கொடுத்த காபியைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

24 மே, வெள்ளி

ஒரு மீன் பெட்டி கிடைத்தது. படகின் பெயர் எழுதிய பலகைத் துண்டு ஒன்று. மூன்று பேரில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. இனித் தேடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஐஸ் போட்ட படகு.

நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை. இதற்குமேல் எழுத முடியவில்லை.

4 ஜூன், செவ்வாய்

சவப்பெட்டி இல்லாத துக்க வீடு. மேசையில் அவன் போட்டோ, இரண்டு மெழுகுவர்த்தி, அவன் தொப்பி. வருகிறவர்கள் எங்கே பார்த்து அழுவது என்று தெரியாமல் தொப்பியைப் பார்த்து அழுதார்கள்.

எல்லாரும் போன பிறகு யஸ்னா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கேசட் உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"பத்திரமா வை. இப்ப வேணாம். இப்பக் கேட்டா நான் செத்துருவேன். ஆனா பத்திரமா வை."

"சரி" என்றேன். சரி என்று சொல்ல எப்படி வாய் வந்தது?

11 ஜூன், செவ்வாய்

மீனவர் சங்கத் தலைவர் நிபால்தோ ஆலைக்கு வந்தார். அவர் கேட்டு யாரும் எதையும் மறுத்ததில்லை.

"தம்பி, இருபத்தொன்பதாம் தேதி சான் பெத்ரோ திருவிழா. சாமியப் படகுல ஏத்திக் கடலுக்குக் கொண்டுபோவோம்ல, மலர்வளையத்தத் தண்ணியில விடற நேரத்துல போரிஸோட பாட்ட ஸ்பீக்கர்ல போடணும்."

"அண்ணே, அது இன்னும் முடிக்காத பாட்டு."

"முடிஞ்சவன் பாட்டுதானப்பா அது. புதைக்க உடம்பு கிடைக்கல. குரலையாவது ஊர் கேக்கட்டும். அவங்க அம்மா தெக்கேருந்து வர்றாங்க."

தலையாட்டினேன்.

15 ஜூன், சனி

அறிந்தவர், அறியாதவர், கொன்செப்சியோனில் டேப் பழுதுபார்க்கிறவர் என்று எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். மேலே பதிந்தால் கீழே இருந்தது போய்விடும். அவ்வளவுதான், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நாடாவை மெதுவாக ஓட்டினேன், பின்னோக்கி ஓட்டினேன், நாடாவைப் படிக்கிற ஹெட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்து ஓட்டினேன். அடியில் எங்காவது அவன் ஒரு மூச்சு, ஒரு கனைப்பு ஒட்டிக்கொண்டிருக்காதா? இல்லை. எங்கு தொட்டாலும் நான்தான். என் பாட்டு எவ்வளவு மட்டம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

யஸ்னாவிடம் போய்ச் சொல்லிவிடலாம். கதவு வரை போனேன். ராயென் உள்ளே ஏதோ பாடிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன்.

22 ஜூன், சனி

செய்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தைக்குப் போன நேரம். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, சிவப்பு விளக்கின் மேல் துணி போட்டு, அவனைப் போலவே ஒரு காலைப் பலகையில் தட்டித் தொடங்கினேன். வரிகள் எல்லாம் நினைவில் இருந்தன. அவன் வார்த்தையின் கடைசியை விழுங்குவான், வாயின் இடது ஓரத்தால் பேசுவான், 'கடல்' வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். பதினொரு முறை பதிந்து, பன்னிரண்டாவதை வைத்துக்கொண்டேன். கேட்டுப் பார்த்தேன். அவன்தான். அப்படியே அவன்தான்.

அவன் படகில் நின்று சிரித்துக்கொண்டு சொன்னதை மறுபடி எழுதப் போவதில்லை. எனக்கு மறக்கவில்லை.

29 ஜூன், சனி

சாமி படகில் போனது. பின்னால் முப்பது படகுகள், கொடியும் காகிதப் பூவுமாக. மலர்வளையம் தண்ணீரில் இறங்கியதும் நிபால்தோ கையைக் காட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன்.

கரை முழுக்க அழுதது. எலும்பு முறிந்தாலும் முனகாத ஆட்கள் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். போரிஸின் அம்மா ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை வைத்து, அதன் அதிர்வு அடங்கும்வரை எடுக்கவில்லை. ராயென் "அப்பா, அப்பா" என்று பெட்டியைச் சுற்றி ஓடியது. யஸ்னா அழவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிபால்தோ என்னைக் கட்டிப்பிடித்து, "நல்ல காரியம் பண்ணினடா" என்றார். அவர் கை என் முதுகில் இருந்தவரை எங்காவது ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

17 ஆகஸ்ட், சனி

யார் யாருக்கோ பிரதி எடுத்துக் கொடுத்து, பாட்டு இப்போது பேருந்துகளில் ஓடுகிறது. ராயெனுக்கென்று யஸ்னா ஒன்று கேட்டாள். கொடுத்தேன். அதைப் போட்டால்தான் தூங்குகிறதாம்.

சாந்தியாகோவிலிருந்து ஹெர்மான் வந்திருந்தார். இரண்டாவது பாட்டிலேயே எழுந்து போன அதே கம்பெனி ஆள். இப்போது மழையில் நனைந்துகொண்டு எங்கள் குன்றின் படியேறி வந்திருக்கிறார்.

"இந்த மாதிரி ஒரு குரலை நான் கேட்டதே இல்ல. அன்னைக்கு மேடையில இவர் ஏன் இல்ல?"

"மீன் பிடிக்கப் போயிருந்தான்" என்றாள் யஸ்னா.

"அடடா" என்றார். "அன்னைக்கு அவர் பகுதியை யாரோ சொன்னாங்களே, பாவம், சுமாரா இருந்தது."

"நான்தான்" என்றேன்.

8 நவம்பர், வெள்ளி

குறுந்தகடு வந்துவிட்டது. வானொலியில் ஒரு நாளைக்கு நாலு முறை. ஆலையில் வேலையை விட்டுவிட்டேன். அட்டைப் படத்தில் போரிஸின் தொப்பி.

பத்திரிகைக்காரி கேட்டாள்: "அந்தப் பதிவு நடந்த நாளைப் பத்திச் சொல்லுங்க." பதினான்காம் தேதி மழையையும் அப்பத்தையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் வேடிக்கை.

25 ஜனவரி 2003, சனி

ஜனவரி வெயில், கோடைப் பயணத்தில் ஒன்பதாவது ஊர். ஹெர்மானின் யோசனைப்படி மேடையில் மூன்று மைக். நடு மைக்குக்கு ஆள் இல்லை. போரிஸின் பகுதி வரும்போது மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அதன்மேல் மட்டும் ஒரு வெளிச்சம். கூட்டம் லைட்டரை ஏந்திக்கொண்டு நிற்கும். நான் இருட்டில், மெஷினுக்குப் பின்னால், வாயை இறுக மூடிக்கொண்டு என் குரலையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். அதை வாங்கிக்கொள்ள நான் அங்கே இல்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று கொன்செப்சியோன், சொந்த ஊர் மாதிரி. ஐயாயிரம் பேர். போரிஸின் முறை வந்தது. வெளிச்சம் நடு மைக்கில் விழுந்தது. என்னால் முடியவில்லை. மூன்றாவது டிராக்கை நான் திறக்கவில்லை. வெறும் பீட் மட்டும் ஓடியது. கூட்டம் குழம்பி, "என்னடா ஆச்சு" என்று நிறுத்தச் சொல்லும், எல்லாம் அம்பலமாகட்டும் என்று நினைத்தேன்.

கூட்டமே சொல்லத் தொடங்கிவிட்டது. பதினாறு வரியும். ஐயாயிரம் பேர் வார்த்தையின் கடைசியை விழுங்கினார்கள். நான் மூச்சுவிட்ட இடங்களில் எல்லாம் ஐயாயிரம் பேரும் மூச்சுவிட்டார்கள்.

இறங்கி வந்து மேடைப் படியில் உட்கார்ந்தேன். ஹெர்மான் முதுகைத் தடவி, "அபாரம். இனிமே எல்லா ஊர்லயும் இப்படியே செய்யலாம்" என்றார்.

3 மார்ச், திங்கள்

இனி மேடை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. ஹெர்மான் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு வக்கீல் என்றார். யஸ்னா ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப நானும் வரல" என்றாள். அகுவா கோர்த்தாதா முடிந்தது. மூன்றரை வருடம்.

7 ஏப்ரல், திங்கள்

ஐஸ் ஆலையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். "என்ன, நட்சத்திரம் கீழ விழுந்துருச்சா?" என்று ஒருவன் கேட்டான். விழுந்துவிட்டது என்றேன்.

18 மே, ஞாயிறு

போரிஸ் போய் ஒரு வருடம். கரைக்குப் போனேன். யஸ்னாவும் குழந்தையும் வந்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்து, வேறு பாதையில் திரும்பிவிட்டேன்.

23 செப்டம்பர், செவ்வாய்

லோத்தாவிலிருந்து ஒரு பொட்டலம். அனுப்பியவர் ஒரு பள்ளி ஆசிரியை. இரண்டு வருடம் முன்பு அங்கே சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் பாடினோம். அன்று தன் கையடக்க ரெக்கார்டரில் பதிந்தாராம். "வீடு மாற்றும்போது கிடைத்தது. உங்களிடம் இருப்பதுதான் நியாயம்" என்று ஒரு சீட்டு.

கேட்டேன். இரைச்சல், கைதட்டல், யாரோ இருமுகிறார்கள், பிறகு அவன். போரிஸ். முழுதாக ஒரு பாட்டு.

தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் கொன்ற குரலை யாரோ ஒருத்தி பெட்டியில் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். இப்போது சொல்லிவிடலாம். கையில் இதை வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

27 செப்டம்பர், சனி

சொல்லிவிட்டேன்.

யஸ்னா பேக்கரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், முழங்கை வரை மாவு. ராயென் தூங்கிக்கொண்டிருந்தது.

"யஸ்னா, அந்த மூணாவது டிராக் இருக்கே..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சான் பெத்ரோ அன்னைக்கே தெரியும். கடைசி வரிக்கு அவனுக்கு எப்பவும் மூச்சு பத்தாது, நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஸ்பீக்கர்ல வந்தவன் ஜம்முனு முடிச்சான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? கரையே அழுதுகிட்டு நிக்குது. எங்க அத்தை பெட்டியக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நடுவுல நின்னு இது எம் புருஷன் இல்லன்னு கத்தணுமா? டேப் கெட்டுப்போச்சு, ஓசியேல் பாவம் ஊருக்காகச் செஞ்சான்னு நினைச்சுக்கிட்டேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவளே எனக்கு ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஆனால் சொன்னேன். "கெட்டுப்போகல. நான் அழிச்சேன். சாந்தியாகோலருந்து வந்த அன்னைக்கு. அவன் மேல இருந்த கோபத்துல."

கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். 

"ஒரே ஒரு தடவதான்டா சொன்னான்" என்றாள்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். லோத்தா கேசட்டை மேசையில் வைத்தேன். என்ன என்று சொன்னேன். அவள் அதைத் தொடவில்லை.

"நாளைக்கு டீ நேரத்துக்கு வா. ராயெனும் கேக்கட்டும்."

28 செப்டம்பர், ஞாயிறு

ரொட்டி, அவகாடோ, டீ. எதிரில் யஸ்னா, நடுவில் ராயென். மூன்று வயது முடிந்துவிட்டது, வாய் ஓயாமல் பேசுகிறது. யஸ்னா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தாள்.

கேசட்டைப் போட்டாள். இரைச்சல். பிறகு அவன்.

என் நினைவில் இருந்ததைவிட மெலிந்த குரல். வேகமாக, பதற்றமாக, ஒரு இடத்தில் வரியை மறந்து சிரிக்கிறான். அவனைப் போலப் பதிந்தபோது நான் ஏற்றிய கனம் எதுவும் அவனிடம் இல்லை. கடைசி வரியில் மூச்சு நின்றது. பின்னாலிருந்து யஸ்னாவின் குரல் வந்து அதை எடுத்துக்கொண்டது. எதிரில் இருந்த யஸ்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராயென் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டது. "இது யாரும்மா?"

"அப்பாதான் கண்ணு. நல்லாக் கேளு."

குழந்தை கொஞ்ச நேரம் கேட்டது. தலையை ஆட்டியது. "இல்ல. இது அப்பா இல்ல."

"அப்பாதான்டா."

"இல்ல. வேற யாரோ." நாற்காலியிலிருந்து இறங்கி உள்ளே ஓடி, தலையணைக்கு அடியில் வைத்திருந்த தன் கேசட்டை எடுத்து வந்து அம்மாவின் மடியில் வைத்தது. "அப்பாவப் போடு."

யஸ்னா அதைக் கையில் எடுத்துப் புரட்டினாள். பிறகு முதன்முறையாக என்னைப் பார்த்தாள்.  லோத்தா கேசட்டை வெளியே எடுத்துவிட்டு இதைப் போட்டாள்.

ராயென் என் மடியில் ஏறி உட்கார்ந்தது. வரிகளுக்கு வாயசைத்துக்கொண்டே, எனக்குத் தெரியாத ஒருவரை அறிமுகப்படுத்துவது போலப் பெட்டியைக் காட்டியது.

"இதுதான் எங்க அப்பா, மாமா."

"சரிம்மா" என்றேன், முடிந்தவரை மெல்ல.